விதை போட்டு வளர்த்த சின்ன வெங்காயம்: உச்சிப்புளி அருகே ஒரு வீட்டுத் தோட்டத்தில் மூன்று விதைப்புகள்

2024 பிப்ரவரியிலிருந்து 2025 மார்ச் வரை, இராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் அக்கா வீட்டுத் தோட்டத்தில் சின்ன வெங்காயத்தை மூன்று தடவை விதை போட்டுப் பார்த்தோம். முதல் தடவை முளைக்கவே இல்லை. இரண்டாம் தடவை அழகாக முளைத்து, ஐந்தாவது வாரத்துக்குள் ஒன்று விடாமல் கருகியது. மூன்றாம் தடவை பாதி நாற்று ஒரே மழையில் போய்விட்டது. மீதிப் பாதியை நட்டு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வெங்காயம் எடுத்தோம். எட்டடிக்கு நாலடிப் பாத்திக்கு அது பெரிய விளைச்சல் இல்லை. ஆனால் எது ஏன் போனது, எது ஏன் நின்றது என்று இந்தத் தடவை எங்களுக்குத் தெரியும். தேதி, தண்ணீர் அளவு, நாற்று எண்ணிக்கை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கடற்கரைக்காரர்கள் யாராவது வெங்காய விதைப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால், அவர்களிடம் முதலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை அளந்து பாருங்கள் என்பேன். உரம், மருந்து, பாத்தி அகலம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சின்ன வெங்காயத்துக்கு விதை எதற்கு, வெங்காயத்தையே ஊன்றலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊன்றினால் இரண்டு, இரண்டரை மாதத்தில் கைக்கு வந்துவிடும். விவசாயிகள் விதைக்கு மாறுவதற்குக் காரணம் செலவு. ஒரு எக்டேருக்கு வெங்காயம் ஊன்ற 1,500 கிலோ வரை வேண்டும். விதை என்றால் இரண்டரை கிலோ போதும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் அதற்காகவே பெயர் பெற்றது. சின்ன வெங்காயத்தில் பூத்து விதை பிடிக்கும் ரகம் அது. அக்காவுக்குக் காரணம் செலவு இல்லை. முந்தைய இரண்டு மழைக்காலத்திலும் கடையில் வாங்கிய வெங்காயத்தைத்தான் ஊன்றினாள். இரண்டு தடவையும் அடி அழுகி, தாளைப் பிடித்து இழுத்தால் வெங்காயம் மண்ணிலேயே தங்கிவிட்டது. அழுகல் பூசணம் பெரும்பாலும் ஊன்றும் வெங்காயத்தோடு கூடவே வருகிறது. விதையிலிருந்து போனால் அந்தச் சங்கிலி அறும் என்பது அவள் கணக்கு. அது சரியான கணக்குதான்.

இடமும் தண்ணீரும்

வீடு உச்சிப்புளிக்கு வடக்கே, பாக் நீரிணைப் பக்கம். கடல் ஒரு கிலோமீட்டர் இருக்கும். தரை முழுக்க வெளிர் மணல். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். தென்னை, பனை, முருங்கை எல்லாம் நன்றாக வரும். வீட்டுக் கிணறு 14 அடி. கார்த்திகையில் வாளியைக் கையால் எட்டிவிடலாம். ஆனியில் அடியில் ஒரு முழம் தண்ணீர் நிற்கும். குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை வரும்.

இந்தக் கரையில் நிலத்தடி நல்ல தண்ணீர் என்பது கடல் தண்ணீருக்கு மேலே மிதக்கிற ஒரு படலம். உப்புத் தண்ணீர் கனம் கூடியது, அதனால் கீழே நிற்கும். மழைத் தண்ணீர் அதன் மேலே உட்காரும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே நாற்பது அடி உப்பு ஏறி வரும் என்பதும் அதே கணக்குதான். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். அப்படியிருக்க, மாசியில் இனிக்கிற கிணறு ஆடியில் கரிப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் காலத்தில் மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டவர்கள், ஆழமாகத் தோண்டாதே என்று சொன்னதும் இதனால்தான்.

நாக்கு இதைக் கொஞ்சம்தான் சொல்லும். பழகிய நாக்குக்குக் கரிப்பே தெரியாது. இரண்டாம் விதைப்பு போன பிறகுதான் தண்ணீரின் மின்கடத்துத்திறன் பார்க்கும் பேனா மீட்டர் ஒன்று வாங்கினேன். அதை முன்பே வாங்கியிருந்தால் ஒரு பருவம் மிச்சமாகியிருக்கும்.

முதல் விதைப்பு: பழைய பாக்கெட்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 பிப்ரவரியில் போட்டது, முந்தைய வருஷம் பிரித்து, ரப்பர் பேண்ட் சுற்றி அடுப்படி அலமாரியில் வைத்திருந்த விதை. காய்கறி விதைகளில் வெங்காய விதைக்கு ஆயுள் மிகவும் குறைவு. ஈரக்காற்றும் சூடும் சேர்ந்தால் ஒரே வருஷத்தில் உயிர் போய்விடும், அடுப்படியில் இரண்டும் உண்டு. கடற்கரை வீட்டில் உப்பு ஜாடியே கசிகிறது, விதை மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்?

பதினைந்து நாள் பார்த்துவிட்டு, மீதி இருந்ததில் 20 விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி டிபன் டப்பாவில் வைத்தோம். பத்து நாளில் முளைத்தது மூன்று. வெங்காய விதைக்குச் சான்று கொடுக்கக் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம், அதாவது 20-க்கு 14 வரவேண்டும். விதைக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனையைப் பின்னால் செய்தோம். இப்போது புதுப் பாக்கெட் என்றாலும் 20 விதை துணிக்குப் போகாமல் மண்ணுக்குப் போவதில்லை.

இடையில் ஒன்று. நாட்டு மருந்துக் கடையில் வெங்காய விதை என்று கேட்டால் சில இடங்களில் கருஞ்சீரகத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டும் கறுப்பு, இரண்டும் முனை உள்ளவை. ஆனால் கருஞ்சீரகத்தை விரலில் நசுக்கினால் வாசம் தூக்கும். வெங்காய விதை சுருங்கி, மங்கலாக இருக்கும், நசுக்கினால் அப்படி மணக்காது. பக்கத்துத் தெருவில் ஒருவர் கருஞ்சீரகத்தை விதைத்துவிட்டு, கொத்தமல்லி மாதிரி ஏதோ வந்திருக்கிறது என்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆடியில் நடந்தது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. புதுப் பாக்கெட், கோ 5. துணிச் சோதனையில் 20-க்கு 16. ஆடிப்பெருக்கு அன்று காலையில் ஒரு சதுர மீட்டர் நாற்றங்காலில் விரல் கணு அளவுக்கு இடைவெளியில் கோடு கிழித்து, அரை அங்குல ஆழத்தில் போட்டு, மேலே சலித்த எருவைத் தூவினோம். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதம் அது. அதனால் மேற்குப் பக்கம் பனை ஓலைப் படல் கட்டினோம். காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர்தான்.

எட்டாம் நாள் முளைத்தது. வெங்காயம் முளைப்பதைக் குனிந்து பார்க்க வேண்டும். மற்றச் செடி மாதிரி இரண்டு இலையை விரித்துக்கொண்டு வராது. முதலில் ஒரு வளைந்த முதுகுதான் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும், தையல் ஊசியை வளைத்துச் செருகினது போல. ஒரு கால் மண்ணில் வேராக இருக்கும், இன்னொரு முனை விதைக்குள்ளேயே இருக்கும். இரண்டு மூன்று நாளில் அந்த முனை மண்ணிலிருந்து விடுபட்டு மேலே எழும். அப்போது நுனியில் விதையின் கறுப்புத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். இருநூறுக்கு மேல் பச்சைக் கம்பி, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கறுப்புப் பொட்டு. அக்கா ஒவ்வொரு நாளும் எண்ணுவாள். பன்னிரண்டாம் நாள் 231.

மூன்றாம் வாரம் நுனி வெளுத்தது. முதலில் அரை மில்லிமீட்டர், வைக்கோல் நிறம். வெயில் என்று நினைத்துப் பழைய சேலையைப் பந்தலாகக் கட்டினோம். வெளுப்பு கீழே இறங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மூன்று வேளை ஊற்றினோம். இன்னும் வேகமாக இறங்கியது. 25-ஆம் நாள் வாக்கில் கோட்டுக்குக் கோடு மண்மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு. அதை நகத்தால் கிள்ளி நாக்கில் வைத்தேன். அப்போதுதான் புரிந்தது. 34-ஆம் நாள் நாற்றங்காலில் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் மீட்டர் வந்தது. கிணற்றுத் தண்ணீர் மீட்டருக்கு 3.4 டெசிசைமன் (தண்ணீரில் உப்பு கூடக் கூட இந்த எண்ணும் கூடும்). காவிரிக் குழாய்த் தண்ணீர் 0.6. அப்புறம் பெய்த மழையில் பிடித்தது 0.05.

வெங்காயம் உப்புக்கு மிகவும் பயப்படுகிற பயிர். உலக அளவில் பாசன நூல்களில் சொல்லப்படும் கணக்கு இது: பாய்ச்சும் தண்ணீர் 0.8 டெசிசைமன் வரை இருந்தால் முழு விளைச்சல். 1.2 ஆனால் பத்தில் ஒரு பங்கு குறையும். 1.8-இல் கால் பங்கு போகும். 2.9-இல் பாதி. அது வளர்ந்த பயிருக்கு, உப்பைக் கீழே அலசிவிட உபரித் தண்ணீரும் பாய்ச்சுகிறபோது. நாங்கள் 3.4-ஐ, ஊசி கனமுள்ள நாற்றுக்கு, மேலாகத் தெளித்தோம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 3.4 டெசிசைமன் என்றால் லிட்டருக்குச் சுமார் 2.2 கிராம் உப்பு. நாளைக்குப் பத்து லிட்டர் ஊற்றினால் 22 கிராம். முப்பது நாளில் 660 கிராம். ஒரு சதுர மீட்டர் இடத்தில், ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டில் பாதிக்கும் மேல் நாங்களே நம் கையால் தூவியிருக்கிறோம். தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி கட்டி வெயிலுக்கு விடுவதும் இதே வேலைதான்.

அப்படியானால் முளைத்தது எப்படி? அதுதான் எங்களை ஏமாற்றியது. வெங்காய விதை முளைக்கிற நேரத்தில் ஓரளவு உப்பைத் தாங்கும். முதல் இரண்டு வாரம் விதைக்குள் இருக்கிற சாப்பாட்டில் ஓடும். அது தீர்ந்து வேர் மண்ணை நம்ப ஆரம்பிக்கும்போதுதான் உப்பின் கை ஓங்கும். அந்த வேரும் பலமானது கிடையாது. கிளைவிடாத வெள்ளை நூல் மாதிரி நாலைந்து வேர், மேல்மண்ணிலேயே நிற்கும். உப்பும் மேல்மண்ணிலேதான் நிற்கிறது. நன்றாக முளைத்ததால் தண்ணீரைச் சந்தேகப்படவே எங்களுக்குத் தோன்றவில்லை.

பெரியம்மா சொன்னது

எதிர் வீட்டுப் பெரியம்மா முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். பிறந்த வீட்டில் மிளகாய் விவசாயம். கருகிய நாற்றங்காலைப் பார்த்துவிட்டு, "ஆடிப்பட்டமெல்லாம் ஆத்துத் தண்ணிக்காரகளுக்கு அப்பு. நமக்கு ஏது ஆடியில தண்ணி? எங்க அய்யா புரட்டாசி கழிஞ்சுதான் விதையைத் தொடுவாக. மிளகா போடுறப்ப கூடவே வெங்காயம், மல்லி எல்லாம் தூவிவிடுவாக" என்றார்.

நான் கேட்ட ஆலோசனைகளிலேயே உருப்படியானது இதுதான். ஆடியில் விதைக்கச் சொல்லும் பழமொழி, ஆடியில் ஆறு வருகிற ஊர்களில் பிறந்தது. இராமநாதபுரத்துக்கு ஆடி என்பது வருஷத்திலேயே வறண்ட, காற்றடிக்கிற, உப்பேறிய காலம். இந்த மாவட்டத்து விவசாயம் முழுவதுமே புழுதியில் விதைத்து வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பது. நெல்லும் அப்படி, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாயும் அப்படி. மழையில் முளைத்து, தை, மாசி வெயிலில் காய்ப்பது. வெங்காயத்துக்கு மட்டும் நாம் வெளியூர்க் காலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

ஆனால் இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. உப்பில்லாத தண்ணீர் கிடைக்கிற மாதமும், நாற்றைக் கொல்லுகிற மழை பெய்கிற மாதமும் ஒன்றே. வயலில் ஒரு கிலோ விதை தூவுகிறவருக்குப் பாதி போனாலும் பாதி நிற்கும். எட்டடிப் பாத்திக்காரருக்கு அப்படி முடியாது.

மீன்பெட்டி

அக்டோபர் 24 அன்று மூன்றாம் விதைப்பு. இந்தத் தடவை விதையைப் பிரித்துப் போட்டோம். முந்நூறு விதை திறந்த நாற்றங்காலில், மேட்டுப் பாத்தியாக ஆறு அங்குலம் உயர்த்தி. இன்னொரு முந்நூறு விதை, மீன் ஏற்றுகிற தெர்மோகோல் பெட்டியில். அடியில் பென்சில் கனத்துக்குப் பதினைந்து ஓட்டை போட்டு, கிழக்குத் திண்ணையில் இரண்டு செங்கல் மேல் வைத்தோம். காலை வெயில் பத்தரை வரை விழும் இடம். மீன்பெட்டியில் ஐஸும் உப்பும் ஊறியிருக்கும், அதனால் மூன்று நாள் மழையில் போட்டு அலசிய பிறகுதான் மண் நிரப்பினோம்.

மண் கலவை: மணல் இரண்டு பங்கு, கண்மாய்க் கரம்பை ஒரு பங்கு, இரண்டு வருஷம் மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. வெறும் மணலில் ஈரம் நிற்காது. கரம்பை மட்டும் போட்டால் காய்ந்து இறுகி, அந்த வளைந்த முதுகு மேலே வர முடியாமல் உள்ளேயே முறிந்துவிடும். தென்னை நார்க்கழிவு சேர்க்கலாம் என்று வாங்கி வந்ததை மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஊறவைத்த முதல் தண்ணீர் 2.8 காட்டியது. மூன்று தடவை அலசிய பிறகு 0.7. கடற்கரைப் பக்கத்து நார்க்கழிவில் உப்பு இருப்பது சாதாரணம், அலசாமல் தொட்டியில் கொட்டாதீர்கள். கரையில் ஒதுங்கும் பாசியை உரமாகப் போடச் சொன்னார்கள். நல்ல உரம்தான், ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து அலசப்பட்ட பிறகு. புழுக்கை எரு வேண்டாம் என்று விட்டுவிட்டோம், நாற்றுக்கு அதன் காரம் ஆகாது.

தண்ணீருக்கு வழி வீட்டிலேயே இருந்தது. 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மாட்டிய குழாய், மாடியிலிருந்து இறங்கி மணலில் ஒரு குழிக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை இரண்டு அடி மேலே வெட்டி, 200 லிட்டர் பீப்பாய் மூன்றுக்குத் திருப்பினோம். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அக்கா வீட்டு மாடி 46 சதுர மீட்டர். 13 மில்லிமீட்டர் பெய்தால் மூன்று பீப்பாயும் நிறைந்துவிடும். ஐப்பசியில் அது ஒரு மதிய மழை. கொசு வராமல் வாயில் பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டினாள்.

நவம்பர் 20 அன்று அந்த மழை வந்தது. இராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் பதிவான மழை. பாம்பனில் மூன்று மணி நேரத்துக்குள் 19 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனாலும் வீட்டைச் சுற்றிக் கணுக்கால் தண்ணீர் மறுநாள் மதியம் வரை வடியவில்லை. மணல்தானே, வடிந்துவிடும் என்பது அன்று பலிக்கவில்லை. கிணறே தரைமட்டத்துக்கு வந்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? திறந்த நாற்றங்காலில் 27 நாள் நாற்று. ஒரு பகுதி மணலோடு போனது. நின்றவை அடுத்த நாலு நாளில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சாய்ந்த நாற்றை எடுத்துப் பார்த்தால் தாள் பச்சையாகவே இருக்கும், மண் மட்டத்தில் மட்டும் நூலால் இறுக்கிக் கட்டினது போல ஒடுங்கிப் பழுப்பாகியிருக்கும். நாற்றழுகல். ஈரம் தேங்கிய இடத்தில் வருவது. விதை நேர்த்திக்கு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம் போட்டிருந்தோம், அத்தனை தண்ணீருக்கு முன் அது என்ன செய்யும்?

திண்ணையில் இருந்த பெட்டிக்குச் சாரல்தான் பிரச்சினை. வாடைக்காற்று சாய்த்து அடித்ததால் வெட்டிய உரச்சாக்கை முன்னால் தொங்கவிட்டாள். 238 நாற்று இருந்தது, மழை விட்ட பிறகு எண்ணினால் 229.

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் மறுபடி மழை பிடித்துக்கொண்டதால், 45 நாளில் நடவேண்டிய நாற்று 53 நாள் ஆனது. டிசம்பர் 16 அன்று நட்டோம். வேரை, அழுகலைத் தடுக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாக் கரைசலில் அரை மணி நேரம் வைத்து, 15 சென்டிமீட்டர் வரிசைக்குள் 10 சென்டிமீட்டருக்கு ஒன்று. பெரிய பாத்தியில் 148 நாற்று. தள்ளி ஒரு சின்னப் பாத்தியில் 20. மீதியைப் பெரியம்மாவுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்துவிட்டோம். அந்த இருபதை ஏன் தனியாக வைத்தோம் என்றால், பெரிய பாத்திக்கு மழைத் தண்ணீர், தீர்ந்தால் காவிரித் தண்ணீரில் அரிசி களைந்தது, காய் கழுவியது. சின்னப் பாத்திக்கு முழுக்க முழுக்கக் கிணற்றுத் தண்ணீர். அக்காவுக்கு மனசே இல்லை. தெரிந்தே பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதா என்றாள். தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லி நட்டேன்.

லண்டன் விதை

இதற்கிடையே மாமா மகள் லண்டனிலிருந்து வந்தபோது மஞ்சள் வெங்காய விதைப் பாக்கெட் ஒன்று கொண்டுவந்தாள். அதில் 60 விதையை இன்னொரு மீன்பெட்டியில் அதே நாளில் போட்டோம். கோ 5-ஐவிட நன்றாக முளைத்தது. அதில் 20 நாற்றைப் பெரிய பாத்தியின் ஓரத்தில், அதே மண்ணில், அதே தண்ணீரில் நட்டோம். மாசியில் பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பாராட்டினார்கள். தாள் விரல் கனம், கரும்பச்சை, முழங்கால் உயரம். பங்குனியில் கோ 5 தாள் சாய்ந்தபோதும் அது நிமிர்ந்தே நின்றது. சித்திரை வரை விட்டோம். பிடுங்கினால் வெள்ளைப் பூண்டுத் தண்டு மாதிரி நேராக ஒரு கழுத்து. வெங்காயம் என்று ஒன்று இல்லை.

நோயும் இல்லை, உரக் குறையும் இல்லை. வெங்காயம் பகல் நீளத்தைப் பார்த்துத்தான் கிழங்கு கட்டும். வடக்கு நாட்டு ரகங்களுக்குப் பதினாலு, பதினாறு மணி நேரப் பகல் வேண்டும். அங்கே கோடையில் அது கிடைக்கும். நம் கரையில் டிசம்பரில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். வருஷத்திலேயே நீளமான ஜூன் பகல்கூடப் பன்னிரண்டே முக்காலைத் தொடாது. அந்த விதை இங்கே நூறு வருஷம் நின்றாலும் தாள்தான் விடும். வெளிநாட்டிலிருந்து யாராவது ஆசையாக வெங்காய விதை கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தாளுக்காகப் போடுங்கள். அந்தத் தாளில் அக்கா செய்த முட்டைப் பொரியல் நன்றாகவே இருந்தது. பல்லாரி வேண்டுமென்றால் அர்கா கல்யாண், அக்ரிஃபவுண்ட் டார்க் ரெட் போல நம் நாட்டுப் பகலுக்கென்று எடுத்த ரகங்கள் இருக்கின்றன.

அறுவடையும் கணக்கும்

தையில் பனி இறங்கியது. விடிகாலையில் தாள் முழுக்க நீர்முத்து நிற்கும். அப்போது தண்ணீரைத் தாள் மேல் படாமல் வரிசைக்கு நடுவே விட்டோம், இலைப்புள்ளி நோய்க்கு அந்த ஈரம்தான் வாசல். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, மண் மேலே வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர். மாசி நடுவில் இலைப்பேன். தாளின் இடுக்கைப் பிரித்தால் மஞ்சளாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடும். தாளில் வெள்ளிக் கீற்று விழும். லிட்டருக்கு மூன்று மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், வாரத்துக்கு ஒரு தடவை, சாயங்காலம். மூன்று தடவையில் அடங்கியது.

மார்ச் 5-க்குப் பிறகு தண்ணீரை நிறுத்தினோம். 16-ஆம் தேதி, நட்ட தொண்ணூறாம் நாள், பாதிக்கு மேல் தாள் சாய்ந்திருந்தது. முதல் செடியை அக்கா பிடுங்கினாள். மணல் உதிர்ந்ததும் உள்ளே ஐந்து பல், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, செம்மண் நிறத்தில். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பல்லை உரித்து அங்கேயே கடித்தாள். காரம் கண்ணில் தெரிந்தது. அன்று மதியம் பழைய கஞ்சிக்கு வேறு ஒன்றும் வைக்கவில்லை.

பெரிய பாத்தியில் 148-இல் 139 நின்றது. நிழலில் ஒரு வாரம் உலர்த்தி நிறுத்தபோது 3 கிலோ 750 கிராம், செடிக்குச் சராசரி 27 கிராம். கிணற்றுத் தண்ணீர்ப் பாத்தியில் 20-இல் 18 நின்றது. 325 கிராம், செடிக்கு 18 கிராம். மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் கிணறு டிசம்பரில் 1.1, ஜனவரியில் 1.3, பிப்ரவரியில் 1.8, மார்ச்சில் 2.2 காட்டியது. நூல் கணக்குக்கும் எங்கள் தராசுக்கும் பெரிய தூரம் இல்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 18 செடிதான். ஆடியில் 3.4 தண்ணீரில் ஒரு நாற்றுகூடப் பிழைக்கவில்லை. மார்கழி தொடங்கி அதே கிணற்றில், 53 நாள் மழைத் தண்ணீரில் வளர்ந்து வந்த நாற்று பிழைத்து, சிறுத்தாலும் வெங்காயம் கட்டியது. கிணறு இறங்கி வந்ததும் காரணம், நாற்று வளர்ந்து போனதும் காரணம். இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று இந்த ஒரு வீட்டு, ஒரு பருவக் கணக்கை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் தண்ணீர் கொஞ்சமாக இருக்கிற வீட்டுக்கு எதை எங்கே செலவழிப்பது என்பது தெளிவு. ஒரு மீன்பெட்டி நாற்றுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர். 53 நாளைக்கு 80 லிட்டர், ஒரு பீப்பாயில் பாதிகூட இல்லை. நட்ட பிறகு அந்த எட்டடிப் பாத்திக்கு எங்களுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் ஆனது. பீப்பாய் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் அதை நாற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள். நட்ட பிறகு கிணறு ஒன்றரைக்குள் இருக்கும்வரை கிணற்றையே கலந்து விடலாம், விளைச்சலில் கொஞ்சம் போகும், பயிர் போகாது. இடையில் ஒரு மழை பெய்தால் மணலில் சேர்ந்த உப்பெல்லாம் கீழே இறங்கிவிடும், களிமண்காரர்களுக்கு இல்லாத வசதி இது.

இராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உவர் என்பது இந்த மாவட்டத்துக்கே உள்ள கேள்வி, யாரோ ஒருவர் வீட்டுக் குறை இல்லை. ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கென்று வரும் குறிப்புகளில் நல்ல தண்ணீர் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். எங்கள் கரையில் எந்த மாதத்துத் தண்ணீர் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எடுத்ததில் ஒரு கிலோ சிறு பல்லை வலைப்பையில் கட்டி அடுப்படிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். சொந்த விதையில் வந்த வெங்காயம், அழுகல் பார்க்காதது, இந்த ஐப்பசியில் அதையும் ஊன்றிப் பார்க்கலாம் என்கிறாள். மீதி கோ 5 விதை, மூடி இறுக்கிய சின்னப் பாட்டிலில், ஒரு பொட்டலம் வறுத்த அரிசியோடு, ஃபிரிட்ஜில் இருக்கிறது. போன வாரம் கிணற்றை அளந்தேன், 3.1. அக்கா தினசரிக் காலண்டரில் புரட்டாசி கடைசி வாரத்துத் தாளை மடித்து வைத்திருக்கிறாள். இந்தத் தடவை மூன்று பெட்டி. மீன் கம்பெனியிலிருந்து வாங்கி வந்து, கழுவி, திண்ணையில் கவிழ்த்து வைத்தாயிற்று.